போர் விமானியின் இருக்கைக்கு முன்னால் எத்தனை சல்லடை?



இந்திய விமானப்படையில் போர் விமானியாகச் சாதி ஒரு தடையில்லை என்பார்கள். எழுத்தில் அது உண்மைதான். தேர்வு அறிவிப்பில் எந்தச் சாதிக்கும் கதவு சாத்தப்படவில்லை. அதே அறிவிப்பில் இட ஒதுக்கீடும் இல்லை. தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்குக் கண்ணில் படுகிற சலுகை, 100 ரூபாய்த் தேர்வுக் கட்டணத்தைக் கட்ட வேண்டாம் என்பது. நூறு ரூபாய் நம்மிடம் இருக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நூறு ரூபாய் இல்லாத வீட்டில் வேறு என்னென்ன இல்லாமல் போயிருக்கும் என்பது மட்டும் தெரியவில்லை.

போடிநாயக்கனூரில் உட்கார்ந்துகொண்டு போர் விமானத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. சூலூரில் தேஜஸ் நிற்கிறது. 2020 ஜனவரியிலிருந்து தஞ்சாவூரில் சுகோய்-30 படைப்பிரிவு இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற வந்தவர்களைச் சூழ்ந்துகொண்டபோது, விமானப்படை ஹெலிகாப்டர்கள் இந்தச் சரிவுகளுக்கு மேல் வந்தன. அதற்கு முன்பே உள்ளூர் மக்கள் மேலே ஏறிப்போய், கருகிக் கிடந்தவர்களைத் தூக்கி இறக்கத் தொடங்கியிருந்தார்கள். மலையை அறிந்தவர்கள் கீழே நின்றார்கள். இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர்கள் மேலே பறந்தார்கள். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் உள்ள தூரம் எப்படி உண்டானது என்று கேட்பதற்குத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத் தேர்வாகிறவர் புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் மூன்றாண்டு படிக்கிறார். பிறகு ஐதராபாத்துக்கு அருகே துண்டிகல் விமானப்படை அகாடமி. அங்கே பிலாட்டஸ் என்ற சிறிய விமானத்தில் கைப்பழக்கம். அதில் தேறி, போர் விமானப் பிரிவுக்குத் தேர்வானால் கிரண் ஜெட், அதன்பின் பீதரில் ஹாக் ஜெட். இத்தனையும் தாண்டிய பிறகுதான் படைப்பிரிவில் இடம். தனியாரிடம் பயணிகள் விமானம் ஓட்டும் உரிமம் வாங்கப் பல லட்சம் செலவாகும். இங்கே பயிற்சிச் செலவு முழுக்க அரசுடையது. அதாவது நம் வரிப்பணம்.

விமானம் வேகத்தில் சட்டென்று திரும்பும்போது உடலின் எடை பல மடங்காகிறது. ஏழு மடங்கு விசையில் 60 கிலோ உடல் 420 கிலோவாகக் கனக்கும். மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் காலுக்கு இறங்கும். முதலில் நிறங்கள் மங்கும், பார்வை சுருங்கும், பிறகு இருட்டும். அதற்கும் மேல் போனால் நினைவு தப்பும். இதைத் தாங்கக் காலையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சைப் பிடித்து, சில விநாடிக்கு ஒருமுறை சட்டென்று விட்டு இழுக்கும் முறை ஒன்று உண்டு. காற்று நிரம்பிக் கால்களை அழுத்திப் பிடிக்கும் உடையும் உண்டு. பெங்களூரில் உள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்தில் சுழல் இயந்திரத்தில் உட்கார வைத்து இதைப் பழக்குகிறார்கள்.

கவனியுங்கள். இதில் எதுவும் யாருக்கும் தாயின் வயிற்றிலேயே வந்து சேர்ந்ததில்லை. மூச்சு விடுவதைக்கூடச் சொல்லித்தான் தருகிறார்கள். உலகத்தின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று முழுக்க முழுக்கப் பயிற்சியால் ஆனது. 'வீரம் ரத்தத்தில் இருக்கிறது' என்ற பேச்சுக்குப் போர் விமானத்தைவிட நல்ல மறுப்பு வேறில்லை.

ஆனால் அந்தப் பேச்சை நம்பித்தான் நம்மைப் படையிலிருந்தே துரத்தினார்கள். மதராஸ் படையின் சாப்பர்ஸ் பிரிவிலும் பயனியர் பிரிவிலும் பறையர் சமூகத்தினர் காலங்காலமாகப் பணியாற்றினார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதாராக இருந்தவர். அண்ணல் பிறந்ததே மாவ் ராணுவக் குடியிருப்பில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர்கள் 'போர்க்குடி இனங்கள்' என்ற கொள்கையைக் கையில் எடுத்தார்கள். வடக்கே சில சாதிகள் பிறவி வீரர்கள், தெற்கத்தியரும் தீண்டப்படாதவரும் உதவாதவர்கள் என்றார்கள். 1892-ல் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. பல பத்தாண்டுகள் மனு மேல் மனு போட்டார்கள். முதல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது மீண்டும் சேர்த்தார்கள். போர் முடிந்ததும் கலைத்தார்கள். அண்ணலின் வற்புறுத்தலுக்குப் பிறகு 1941-ல்தான் மகர் ரெஜிமென்ட் எழுந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ராஜபுத்திரர், ஜாட், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று பிரிவினரை மட்டுமே எடுப்பதை 2013-ல் ராணுவமே உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கறுப்பர்களுக்குச் சிக்கலான போர் வேலைகளுக்கான அறிவும் துணிவும் இல்லை என்று 1925-ல் அந்நாட்டு ராணுவக் கல்லூரி அறிக்கையே எழுதி வைத்தது. கறுப்பர் அமைப்புகளும் பத்திரிகைகளும் விடாமல் போராடியதால் 1941-ல் அலபாமாவின் டஸ்கிகீயில் தனியாக ஒரு விமானிப் பயிற்சியைத் தொடங்கினார்கள். அங்கிருந்து 992 விமானிகள் வெளியே வந்தார்கள். ஐரோப்பாவின் வானத்தில் போரிட்டார்கள். 1948-ல் படைகளில் இனப் பிரிவினையை ஒழிக்கும் ஆணையில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் கையெழுத்திட்டார். டஸ்கிகீ பயிற்சிக்கும் இருபது வருடம் முந்தியவர் பெஸ்ஸி கோல்மன். டெக்சாஸில் பருத்திக் காட்டில் வேலை செய்து வளர்ந்த கறுப்பினப் பெண். அமெரிக்காவில் எந்தப் பள்ளியும் அவரைச் சேர்க்கவில்லை. பிரெஞ்சு கற்றுக்கொண்டு, பிரான்ஸுக்குப் போய், 1921-ல் விமானி உரிமம் வாங்கினார். பருத்தி எடுத்த கைக்கு விமானம் ஓட்டத் தெரியும் என்றால், ஏலக்காய் எடுக்கிற கைக்கும் தெரியும்.

இனி நம் ஊருக்கு வருவோம். போடியில் ஏலக்காயை எப்படித் தரம் பிரிக்கிறார்கள் என்று உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் அம்மாவோ அத்தையோ அந்த வேலையைச் செய்திருப்பார்கள். சல்லடையில் போட்டுச் சலிக்கும்போது 8 மில்லிக் காய் தனியாக நிற்கும், அதற்கு ஒரு விலை. கீழே விழுந்தது அடுத்த சல்லடைக்குப் போகும், அதற்கு வேறு விலை. காய் ஏன் சிறுத்தது, தண்ணீர் கிடைத்ததா, நிழல் இருந்ததா என்று சல்லடை கேட்காது. ஏலக்காய்க்கு அது போதும். மனிதர்களுக்கு?

போர் விமானியின் இருக்கைக்கு முன்னால் இதுபோல வரிசையாகச் சல்லடைகள் இருக்கின்றன.

முதல் சல்லடை பத்து வயதில். பழனி மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், உடுமலைக்கு அருகே அமராவதி நகரில் 1962-லிருந்து சைனிக் பள்ளி இருக்கிறது. மாணவர்களைத் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தயார் செய்வதே சைனிக் பள்ளிகளின் நோக்கம். ஆறாம் வகுப்பில் சேர 10 வயதிலிருந்து 12 வயதுக்குள் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அங்கே பட்டியல் சாதிக்கு 15 விழுக்காடு, பழங்குடிக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. 2021-22 முதல் பெண் குழந்தைகளும் சேரலாம். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: போர் விமானம் வரை போகும் இந்த நீண்ட பாதையில் நமக்கு இட ஒதுக்கீடு இருக்கிற வாசல் அது. அதுவும் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற குழந்தையின் வாசல். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி, கேரளத்துத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிற தாய்க்கு அந்த அறிவிப்பை யார் கொண்டுபோய்ச் சொன்னது? பள்ளியில் சொன்னார்களா? நலத்துறை விடுதியில் சொன்னார்களா? இயக்கம் வைத்திருக்கிற நாமாவது சொன்னோமா?

இரண்டாவது சல்லடை பதினைந்து, பதினாறு வயதில். விமானப்படைக்குப் போகப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த நம் பிள்ளைகளிடம் "உனக்குக் கணக்கு வராது, வேறு குரூப் எடுத்துக்கோ" என்று எத்தனை முறை சொல்லப்பட்டிருக்கிறது! அந்த ஒரு வாக்கியத்தோடு வானம் மூடிவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு அது மூடியதே தெரியாது.

மூன்றாவது சல்லடை மொழி. தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்திறனுக்கு 600. அதில் ஆங்கிலம் மட்டும் 200. நீட் தேர்வும் ஜே.இ.இ. மெயின் தேர்வும் தமிழ் உட்பட 13 மொழிகளில் நடக்கின்றன. மருத்துவராகத் தமிழில் தேர்வு எழுதலாம், விமானியாக மட்டும் கூடாது என்பதற்கு என்ன காரணம்? விமானிக்கு ஆங்கிலம் வேண்டும் என்றால், அதை அகாடமியில் மூன்றாண்டு கற்றுத் தரலாம். மூச்சு விடவே கற்றுத் தருகிறவர்களுக்கு ஆங்கிலம் கற்றுத் தர முடியாதா?

நான்காவது சல்லடை ஐந்து நாள். எழுத்துத் தேர்வில் தேறியவரைத் தேர்வு வாரியம் அழைக்கும். விமானப்படைக்கு நமக்குப் பக்கத்தில் இருப்பது மைசூரு. எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண் என்றால், இந்த ஐந்து நாளுக்கும் 900. மங்கலான படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். குழுவாக விவாதிக்கச் சொல்வார்கள். பலகையும் கயிறும் கொடுத்துத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். நேர்காணலும் உண்டு. அதிகாரிக்குரிய 15 குணங்கள் உங்களிடம் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதற்கு முன் நிரப்பித் தரும் படிவத்தில் பெற்றோரின் படிப்பு, தொழில், வருமானம், தாய்மொழி, மதம் எல்லாம் கேட்கப்படும். பட்டியல் சாதியா, பழங்குடியா, பிற்படுத்தப்பட்டவரா என்ற கேள்வியும் அதில் உண்டு. இட ஒதுக்கீடே இல்லாத தேர்வில் இந்தக் கேள்விக்கு என்ன வேலை? பாகுபாடு நடக்கிறது என்று நாம் ஆதாரமில்லாமல் குற்றம் சாட்டவில்லை. நடக்கவில்லை என்று காட்டுவதற்கு அவர்களும் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். அதிகாரிகளின் சாதிவாரிக் கணக்கை முப்படைகளும் வெளியிடுவதில்லை. சாதியைக் கேட்டு எழுதிக்கொள்கிறவர்கள், எண்ணிச் சொல்ல மட்டும் மறுப்பது ஏன்?

அந்த ஐந்து நாளில் விமானிக்கான இன்னொரு சோதனை உண்டு. கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே கையாலும் காலாலும் கட்டுப்பாட்டுக் கருவிகளை இயக்கும் சோதனை. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். தோற்றால் விமானிக் கனவு அத்துடன் முடிந்தது. அப்படி ஒரு சோதனை இருப்பதையே அந்த அறைக்குள் நுழைந்த பிறகு தெரிந்துகொள்கிறவரும், அதிகாரியின் வீட்டில் பிறந்து பத்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவரும் அருகருகே உட்காருகிறார்கள். இதற்குப் பெயர் சமப் போட்டி.

ஐந்தாவது சல்லடை உடல். விமானம் ஓட்ட உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர், கால் நீளம் 99 முதல் 120 சென்டிமீட்டர். இந்த அளவில் தந்திரம் இல்லை. கால் மிதியை எட்ட வேண்டும். ஆபத்தில் இருக்கையோடு வெளியே எறியப்படும்போது முழங்கால் எதிலும் இடிக்கக் கூடாது. அளவுகோல் நேர்மையானது. ஆனால் அந்த உடல் வளர்ந்த வீட்டுக்குச் சாதி இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது என்ன சாப்பிட்டது என்பது பதினெட்டு வயதில் சென்டிமீட்டராக வந்து நிற்கும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை வெறும் உப்புமா என்று கிண்டல் செய்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

இத்தனை சல்லடைக்கும் கடைசியில், ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில், அண்மை ஆண்டு அறிவிப்புகளின்படி விமானம் ஓட்டும் பிரிவுக்கு 92 இடங்கள். அதில் பெண்களுக்கு 2.

2019 பிப்ரவரியில் நாடே உச்சரித்த பெயர் அபிநந்தன் வர்தமான். தமிழர், வீர் சக்ரா பெற்றவர். அவருடைய தந்தை விமானப்படையில் ஏர் மார்ஷலாக இருந்து ஓய்வு பெற்றவர். இதைச் சொல்வது அவருடைய துணிவைக் குறைக்க அல்ல. அந்த வீட்டில் விமானம் என்பது சாப்பாட்டு நேரப் பேச்சு. நம் வீட்டில் அது தலைக்கு மேலே போகிற சத்தம். இந்த வேறுபாட்டைத்தான் 'தகுதி' என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகிறார்கள்.

இதன் விளைவு விமானப்படையோடு நிற்கவில்லை. ககன்யான் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நான்கு விண்வெளி வீரர்களும் விமானப்படை விமானிகள். அவர்களில் ஒருவரான சுபான்ஷு சுக்லா 2025-ல் பன்னாட்டு விண்வெளி நிலையம் போய் வந்தார். பத்து வயதில் ஒரு விண்ணப்பம் போடத் தவறிய குழந்தை, விண்வெளியையும் சேர்த்தே இழக்கிறது.

நம் தோழர்களிடமிருந்தே ஒரு கேள்வி வரும்: "நமக்கு எதற்கு இந்த வேலை? அரசின் ஆயுதமாக நாமும் ஆக வேண்டுமா?" நியாயமான கேள்வி. 1966 மார்ச்சில் ஐஸ்வால் நகரத்தின் மேல், சொந்த மக்களின் மேல், இந்திய விமானப்படை குண்டு வீசியது. 2006 ஆகஸ்டில் செஞ்சோலையில் இலங்கை விமானங்கள் நம் பிள்ளைகளைக் கொன்றதை மறக்க முடியாது. விமானத்துக்குள் நம்மவர் உட்கார்ந்தால் போர் அறமாகிவிடும் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று. வேண்டாம் என்று மறுப்பதற்கு முதலில் அது நமக்குக் கிடைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். வாய்ப்பே இல்லாதவர் மறுப்பதை யாரும் மறுப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. மேலும், 'மிலிட்டரி' என்றால் நம் ஊர்களில் சிப்பாய் வேலை என்று மட்டுமே அர்த்தம். ஆள்சேர்ப்பு மைதானத்தில் ஓடுவதற்கு நம் பையன்கள் விடியற்காலையில் எழுகிறார்கள். சாகிற இடத்தில் நாம் ஏற்கெனவே இருக்கிறோம். ஆணையிடுகிற இடத்தில் ஏன் இல்லை என்பதுதான் கேள்வி. இராணுவப் பணிக்காக வாதாடிய அண்ணல், அதைத் தேசபக்திச் சான்றிதழுக்காகக் கேட்கவில்லை. பொது நிறுவனம் எதுவும் நமக்கு மூடப்பட்டிருக்கக் கூடாது என்றுதான் கேட்டார்.

1989-ல் போடியிலும் சுற்று ஊர்களிலும் நடந்த சாதிக் கலவரத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். தெருவில் நடப்பதற்கும் உயிரோடு இருப்பதற்கும் போராடிய தலைமுறை அது. அவர்கள் நின்ற இடத்திலிருந்து நீங்கள் அடுத்த இடத்தைக் கேட்பது ஆடம்பரம் இல்லை.

கதவுகள் திறக்காதவை அல்ல. 2016-ல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் போர் விமானப் பிரிவில் முதல் பெண்களாக நுழைந்தார்கள். தேசியப் பாதுகாப்பு அகாடமி பெண்களுக்கு மூடியே இருந்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு திறந்தது. 2025 மே மாதம் 17 பெண்கள் அங்கே பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2020-ல் தமிழ்நாடு கொண்டுவந்தது. யாரோ கேட்டதால்தான் இவை நடந்தன.

எனவே நாம் கேட்க வேண்டியவை: தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வைத் தமிழில் நடத்து. விண்ணப்பித்தோர், எழுத்துத் தேர்வில் தேறியோர், வாரியத்தில் தேறியோர் ஆகியோரின் சாதிவாரிக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடு. அதிகாரி நியமனத்தில் இட ஒதுக்கீடு கொடு. மலையடிவாரத்தின் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் கணித-இயற்பியல் பிரிவையும் அதற்கான ஆசிரியர்களையும் கொடு. ஐந்தாம் வகுப்பிலேயே சைனிக் பள்ளித் தேர்வுக்குப் பயிற்சி கொடு.

கேட்டுக்கொண்டே இருக்கும்போது நாமே செய்ய வேண்டியவையும் உண்டு. போடி அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு கதவு இன்னும் திறந்திருக்கிறது. பட்டப்படிப்பில் 60 விழுக்காடும், பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 50 விழுக்காடும் இருந்தால், 20 முதல் 24 வயதுக்குள் விமானப்படைப் பொதுச் சேர்க்கைத் தேர்வை நேரடியாக எழுதலாம். ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. மற்ற தோழர்கள் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் காலனியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ் இருக்கிறதா இல்லையா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த சைனிக் பள்ளி அறிவிப்பு வரும்போது அந்த நோட்டோடு வீடு வீடாகப் போங்கள். ஜீப் இறங்கி அம்மாக்கள் வீடு சேர்கிற நேரம் பார்த்துப் போங்கள்.

ஜெய் பீம்.